மெத்தையில் ஆறு நிமிடம், கேலரியில் பத்து மணி நேரம்

விளையாட்டுப் போட்டி என்றால் வென்றவரைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். இன்றைய பேச்சு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றியது. கடிகாரத்தை நிறுத்துபவர், அட்டவணை போடுபவர், எடை பார்ப்பவர், ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிடுபவர் ஆகியோரே இதன் நாயகர்கள். களம் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள், ஆட்டம் மல்யுத்தம்.

அங்கே பள்ளிகளில் நடப்பது ஒலிம்பிக்கில் நாம் பார்க்கிற மல்யுத்தம் அல்ல. ‘ஃபோக்ஸ்டைல்’ என்று தனி வகை. எதிராளியைத் தூக்கி எறியும் அழகைவிட, கீழே கொண்டுவந்து எழவிடாமல் அடக்கி வைக்கும் திறமைக்கே அதில் மரியாதை அதிகம். சுற்றுக்கு இரண்டு நிமிடமாக மூன்று சுற்று, மொத்தம் ஆறு நிமிடம். இரண்டு தோள்களையும் மெத்தையில் பதித்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. மாநிலப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு, சுருக்கமாக என்எஃப்எச்எஸ், இதற்கு விதி எழுதுகிறது. அதன் கணக்குப்படி 2023-24 பருவத்தில் 2,91,000-க்கும் மேற்பட்ட பையன்களும் 64,000-க்கும் மேற்பட்ட பெண்களும் பள்ளி அணிகளில் மல்யுத்தம் செய்தார்கள். குளிர்காலம்தான் பருவம். சனிக்கிழமைதான் திருவிழா நாள்.

அந்தச் சனிக்கிழமை எப்படிப் போகும்? விடிவதற்கு முன்பே பள்ளி வாசலில் மஞ்சள் பேருந்து வந்து நிற்கும். ஆறரை, ஏழு மணிக்கு வேறோர் ஊர்ப் பள்ளியின் உடைமாற்று அறையில் வரிசை. முதலில் தோலைப் பார்ப்பார்கள், பிறகு எடை. எடை முடிந்த பிறகுதான் பாதிப் பேர் வாயில் ரொட்டியை வைப்பார்கள். ஒன்பது மணிக்கு முதல் விசில். பதினைந்து வயதுப் பையன் ஒருவன் ஒன்பதரைக்கு ஓர் ஆட்டத்தில் தோற்கிறான், மதியம் ஒரு மணிக்கு இன்னொன்றில் தோற்கிறான். இரண்டு தோல்வி என்றால் அன்றைய போட்டி அவனுக்கு முடிந்தது. ஆனால் பேருந்து ஒன்றுதான். அணியில் யாராவது இறுதிக்குப் போயிருந்தால் இரவு ஏழு மணிவரை கிளம்பாது. மெத்தையில் அவன் இருந்தது இரண்டு ஆட்டமும் சேர்த்து ஆறு நிமிடம் இருக்கலாம். மிச்சப் பொழுதெல்லாம் கேலரிப் பலகையில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தபடியே கழிகிறது.

கோச்சுகளிடம் கேட்டால், “அதுதான் மல்யுத்தம், அது மனஉறுதியைக் கொடுக்கும்” என்பார்கள். பலகையில் படுத்துக் கிடப்பதால் எந்த உறுதியும் வருவதாகத் தெரியவில்லை. அந்தப் பையன் அடுத்த ஆண்டு கூடைப்பந்துக்குப் போய்விடுவான், அவ்வளவுதான்.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். பதினாறு பள்ளிகள் வருகின்றன, பதினான்கு எடைப் பிரிவு, ஒவ்வொரு பிரிவிலும் பள்ளிக்கு ஒருவர். பதினாறு பேருக்கான பிராக்கெட்டில், அதாவது வென்றவர் அடுத்த சுற்றுக்கு ஏறும் அட்டவணையில், முதல் தோல்விக்குப் பிறகும் ‘ஆறுதல்’ பக்கத்தில் தொடர்ந்து ஆடலாம் என்று வைத்தால், ஆறாம் இடம்வரை முடிவு செய்ய 29 ஆட்டம் வேண்டும். பதினான்கு பிரிவுக்கு 406. ஆறு மெத்தை விரித்து, ஆட்டத்துக்குச் சராசரி ஆறு நிமிடம் பிடித்தால், மொத்த ஆட்ட எண்ணிக்கையே மொத்த நிமிடக் கணக்கும் ஆகிவிடும். 406 ஆட்டம், 406 நிமிடம், ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இதில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரே ஒரு நிமிடம் கூடிப்போனால்? மெத்தைக்கு ஏறக்குறைய 68 ஆட்டம் வருகிறது, ஆக 68 நிமிடம் கூடும். இந்தக் கணக்கில் உணவு இடைவேளை இல்லை, வீரர்களின் அணிவகுப்பு இல்லை, மூக்கில் ரத்தம் வந்தால் அதை நிறுத்த விதி தருகிற ஐந்து நிமிடமும் இல்லை.

அந்த ஒரு நிமிடம் எங்கே தொலைகிறது என்று பார்த்தால் சிரிப்பு வரும். ஒலிபெருக்கி கூப்பிடும்போது பையன் காதில் ஹெட்ஃபோன். கணுக்காலில் கட்டும் சிவப்பு, பச்சைப் பட்டைகளில் பச்சையைக் காணோம், போன ஆட்டத்துப் பையன் கட்டிக்கொண்டே போய்விட்டான். ஸ்கோர் எழுத உட்கார்ந்த மாணவிக்குக் குறிமுறை தெரியாது, கடிகாரக்காரருக்கு பட்டன் பிடிபடவில்லை. சுற்று முடிந்ததை இரைச்சலில் நடுவர் கேட்க மாட்டார் என்பதற்காக, சுருட்டி டேப் சுற்றிய துண்டால் அவரைத் தட்டுவதற்கு ஓர் ஆள் உண்டு. அந்த ஆள் தேநீர் குடிக்கப் போயிருப்பார்.

இதற்கெல்லாம் மருந்து பெரிய செலவில்லாதது. ஜிம்மின் ஓரத்தில் கயிறு கட்டிக் காத்திருப்புப் பகுதி ஒன்று அமைத்து, ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கு அடுத்த மூன்று ஜோடிகளை அங்கே உட்காரவைக்க வேண்டும். பட்டைகளை அங்கேயே கட்டிவிட வேண்டும். மேசை ஆட்களுக்கு முந்தைய நாள் மாலை ஒரு மணி நேரம் பயிற்சி வேண்டும். இன்னொன்று, எந்தப் பிரிவு எந்த மெத்தையில் என்று காலையிலேயே முடிவு கட்டிவிடக் கூடாது. இரயில்வே முன்பதிவு மையத்தில் கவுன்ட்டருக்கு ஒரு வரிசை என்றிருந்தால், நம் வரிசைக்கு முன்னால் நிற்பவர் பத்துப் பேருக்குப் படிவம் நீட்டும்போது பக்கத்துக் கவுன்ட்டர் காலியாக இருக்கும். வரிசை ஒன்று, கவுன்ட்டர் பல என்று வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. மெத்தைக்கும் அதேதான்: எது காலியோ அதில் அடுத்த எண் ஏற வேண்டும். தன் பிள்ளை எங்கே ஆடப்போகிறான் என்று பெற்றோருக்கு முன்கூட்டித் தெரியாதே என்பது நியாயமான குறை. முன்பு பிராக்கெட்டைச் சுவரில் ஒட்டி, அதன் முன்னால் கூட்டம் முண்டியடித்த காலத்தில் அந்தக் குறைக்கு விடை இருந்ததில்லை. இப்போது டிராக்ரெஸ்லிங் போன்ற மென்பொருள், ஆட்டத்தின் எண்ணையும் மெத்தையின் எண்ணையும் கைப்பேசியில் காட்டிவிடுகிறது.

ஆனால் எவ்வளவு வேகமாக நடத்தினாலும் பிராக்கெட்டின் உள்ளே ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தப் பேச்சின் முக்கியப் புள்ளியே அதுதான்.

பதினாறு பேர் பிராக்கெட்டில் முதல் ஆட்டத்தில் தோற்ற ஒருவன், ஆறுதல் பக்கத்தில் வரிசையாக வென்று மூன்றாம் இடம் பிடிக்கிறான் என்று வையுங்கள். எத்தனை ஆட்டம் ஆடியிருப்பான்? ஆறு. சாம்பியன் ஆடியது நான்குதான். ஒரு நாளில் ஒருவர் ஐந்து ஆட்டத்துக்கு மேல் ஆடக் கூடாது என்பது என்எஃப்எச்எஸ் விதிப் புத்தகத்தில் நெடுங்காலம் நின்ற வரம்பு. ஆகவே ஒரே நாளில் போட்டியை முடிக்க நினைப்பவர்கள் ஒரு குறுக்கு வழி பிடித்தார்கள்: உன்னைத் தோற்கடித்தவன் அடுத்த சுற்றிலும் வென்றால் மட்டுமே உனக்கு மறுவாய்ப்பு. இதனால் ஒரு பிரிவுக்கு நான்கு ஆட்டம் மிச்சம், வரம்பும் மீறப்படாது. விலை என்ன? பிரிவுக்கு நான்கு பேர் ஒரே ஆட்டத்தோடு வெளியே. பதினான்கு பிரிவில் 56 பிள்ளைகள். அதிகாலையில் எழுந்து, எடைக்காகப் பட்டினி கிடந்து, இரண்டு மணி நேரம் பேருந்தில் வந்து, ஒரு முறை மெத்தை ஏறிவிட்டுப் பலகைக்குப் போகிறவர்கள். அதுவும் அவர்களுடைய ஆட்டத்தால் அல்ல, வேறு இருவர் ஆடிய ஆட்டத்தின் முடிவால்.

இப்போது அதே பதினாறு பேரை நான்கு பேர் கொண்ட நான்கு குழுவாகப் பிரித்துப் பாருங்கள். குழுவுக்குள் எல்லோரும் எல்லோருடனும் மோதினால் குழுவுக்கு ஆறு ஆட்டம், மொத்தம் 24. குழுவில் முதலில் வந்த நால்வருக்கு அரையிறுதி இரண்டு, இறுதி ஒன்று, மூன்றாம் இடத்துக்கு ஒன்று. கூட்டினால் 28. பிராக்கெட் முறையைவிட ஓர் ஆட்டம் குறைவு! சாம்பியன் ஆடுவது ஐந்து, வரம்புக்குள் அடங்கும். எல்லாவற்றிலும் தோற்றவனுக்கும் மூன்று ஆட்டம் கிடைக்கும். அந்த மூன்றும் பிற்பகலுக்குள் முடிந்துவிடும்.

குறைகள் இல்லாமலில்லை. குழுவில் மூன்று பேர் ஆளுக்கு ஒருவரை வென்று சமநிலையில் நின்றால் யார் முதல்வர் என்பதற்கு விதி வகுத்தாக வேண்டும். குழுப் பிரிப்பு சரியில்லையென்றால் பிரிவின் முதலிரண்டு வீரர்கள் ஒரே குழுவில் சிக்கிக்கொள்வார்கள். ஐந்தாம், ஆறாம் இடம் வேண்டும் என்றால் ஆட்டம் கூடும். ஒரு மாணவர் பருவம் முழுவதும் இத்தனை ஆட்டம்தான் ஆடலாம் என்று வரம்பு வைத்திருக்கும் மாநிலங்களில், குழு முறை அந்தக் கணக்கைச் சீக்கிரம் தீர்த்துவிடும். அணிப் புள்ளிக் கணக்கும் குழம்பும். பிராக்கெட்டில் ஒவ்வொரு முன்னேற்றத்துக்கும் புள்ளி உண்டு, தோள் பதித்து வென்றால் அதற்கு மேல் இரண்டு புள்ளி உண்டு. ஆறுதல் பக்கத்தில் சேர்ந்த சில்லறைப் புள்ளிகளாலேயே கோப்பை வென்ற அணிகள் இருக்கின்றன. மாநிலத் தகுதிப் போட்டிக்குப் பிராக்கெட்தான் சரி, அதில் மறுபேச்சில்லை. டிசம்பரிலும் ஜனவரியிலும் நடக்கிற அழைப்புப் போட்டிகளின் வேலை வேறு. அங்கே பிள்ளைகள் ஆட வேண்டும். சில பதக்கங்களுக்காக மற்றப் பிள்ளைகளை உட்காரவைப்பது எந்தக் கணக்கில் சேர்த்தி?

சீடிங் என்னும் தரவரிசையும் இங்கே ஓர் ஓரமாக வந்து நிற்கிறது. மாநில இறுதிப் போட்டிகளிலேயே நெடுங்காலம் குலுக்கல் முறை வைத்திருந்த இடங்கள் உண்டு. முதலிரண்டு பேரும் முதல் நாளே மோதிவிடுவார்கள், இறுதி ஆட்டம் சப்பென்று போகும். அழைப்புப் போட்டிகளில் கோச்சுகள் காலையில் ஒரு வகுப்பறையில் கூடித் தரவரிசைக்காக வாதாடுவது வழக்கம். நேருக்கு நேர் யார் வென்றார், பொதுவான எதிராளியிடம் யார் எப்படி, போன ஆண்டு எந்த இடம் என்ற வரிசையில் பார்ப்பார்கள். இவை எல்லாம் ஏற்கெனவே மென்பொருளில் பதிவாகியிருக்கும் விவரங்கள். முந்தைய இரவே வரிசையை வெளியிட்டு, ஆட்சேபம் இருந்தால் எழுதி அனுப்பு என்று சொல்லிவிட்டால் காலையில் ஒரு மணி நேரம் மிச்சம். குரல் பெரிதாக உள்ள கோச்சின் பையனுக்கு மேலிடம் போவதும் நிற்கும்.

எடை விஷயத்துக்கு வருவோம். 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் 100 கிராம் கூடுதலால் இறுதி ஆட்டத்தை இழந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அமெரிக்கர்களுக்கு எடை குறைப்பின் கொடுமை அதற்கு வெகுகாலம் முன்பே, வேறு விதமாகத் தெரியவந்தது. 1997 நவம்பர் 7 முதல் டிசம்பர் 9 வரையிலான 33 நாள்களில், வட கரோலினா, விஸ்கான்சின், மிச்சிகன் ஆகிய மூன்று மாநிலங்களில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடை குறைக்கும் முயற்சியில் இறந்தார்கள். நீர் போகாத உடையைப் போட்டுக்கொண்டு சூடேற்றிய அறையில் உடற்பயிற்சி, தண்ணீர் கிடையாது, உடல் கொதித்தது. கல்லூரிகள் உடனே விதியை மாற்றின. ரப்பர் உடைக்கும் நீராவி அறைக்கும் தடை வந்தது, எடை பார்க்கும் நேரம் ஆட்டத்துக்கு நெருக்கமாக நகர்ந்தது.

பள்ளிகளில் விஸ்கான்சின் மாநிலம் இதை 1989-லேயே தொடங்கியிருந்தது. உடலில் எவ்வளவு கொழுப்பு என்று அளந்து, இதற்குக் கீழே போகக் கூடாது என்று ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு குறைந்தபட்ச எடையைக் குறித்துக் கொடுத்தார்கள். 2006-07 முதல் அது நாடு முழுவதற்குமான விதி: பையன்களுக்கு 7 சதவீதம், பெண்களுக்கு 12 சதவீதம் கொழுப்பு இருந்தாக வேண்டும், வாரத்துக்கு உடல் எடையில் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது, அளக்கும் நாளில் சிறுநீரைச் சோதித்து உடலில் நீர் இருக்கிறது என்று உறுதிசெய்ய வேண்டும். 150 பவுண்டுப் பையனுக்கு ஒன்றரை சதவீதம் என்றால் ஒரு கிலோ. இது உருப்படியான சீர்திருத்தம். ஆனால் போட்டி நடத்துபவர்கள் இதன் பயனைக் கெடுத்துவிட முடியும். ஏழு மணிக்கு எடை என்று அறிவித்துவிட்டு எட்டேகாலுக்குத் தொடங்கினால், ஏழு மணிக்குச் சரியாக இருந்த பிள்ளைகள் அதுவரை ஒரு வாய் தண்ணீரும் குடிக்காமல் நிற்பார்கள். பதினாறு பள்ளி, பதினான்கு பிரிவு என்றால் 224 பேர். ஒரு தராசு போதாது. நான்கு தராசு வைத்தால் கூடுதல் செலவு பெரிதில்லை, எல்லாத் தராசும் ஒரே எடையைக் காட்டுகின்றனவா என்று முந்தைய நாளே பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர.

தோல் பரிசோதனையை வெறும் சடங்காக்கிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. 1989 கோடையில் மினசோட்டாவில் நடந்த ஒரு பள்ளி மல்யுத்த முகாமில் 175 பேரில் 60 பேருக்கு ஹெர்பீஸ் கிருமித் தொற்று வந்தது. அதே மாநிலத்தில் 2007-ல் தொற்று பல அணிகளுக்குப் பரவியதும் பள்ளி மல்யுத்தம் முழுவதையும் எட்டு நாள் நிறுத்தி வைத்தார்கள். முகமும் முகமும் உரசும் விளையாட்டு இது, படர்தாமரை முதல் சீழ்க்கொப்புளம்வரை எதுவும் தாவும். நல்ல வெளிச்சத்தில், அவசரமில்லாமல், பயிற்சி பெற்றவர் பார்க்க வேண்டும். மருத்துவர் கையெழுத்திட்ட படிவத்தை வெள்ளிக்கிழமையே வாங்கிவிட்டால், சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் புண்ணைக் காட்டி வாதாடும் கோச் ஒருவரையும் பார்க்க நேராது.

பெண்கள் வந்த பிறகு இந்த எல்லாக் கணக்கும் இரட்டித்திருக்கிறது. 1994-ல் நாடு முழுவதும் பள்ளி மல்யுத்தத்தில் இருந்த பெண்கள் 804 பேர். 1998-ல் ஹவாய் முதன்முதலாகப் பெண்களுக்குத் தனி மாநிலப் பட்டம் வைத்தது. அந்த முதல் பட்டங்களில் ஒன்றை வென்ற கிளாரிசா சுன் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார். மற்ற மாநிலங்களில் பெண்கள் பையன்களோடுதான் மோத வேண்டியிருந்தது. 2011-ல் அயோவா மாநிலப் போட்டியில் ஒரு பையன், பெண்ணோடு மோதுவது தன் சமய நம்பிக்கைக்கு ஒவ்வாது என்று ஆட்டத்தையே விட்டுக்கொடுத்தான். நாடு முழுவதும் அது பேச்சானது. இப்போது பெரும்பாலான மாநிலங்களில் தனிப் பட்டம், என்எஃப்எச்எஸ் பட்டியலில் 100 பவுண்டில் தொடங்கி 235 வரை தனி எடைப் பிரிவுகள்.

ஆனால் ஜிம் அதேதான், சனிக்கிழமையும் ஒன்றுதான். பெண்களின் ஆட்டங்களைப் பையன்களின் இடைவெளியில் செருகுகிற பழக்கம் பல இடங்களில் தொடர்கிறது. ஒரு பிரிவில் மூன்றே பெண்கள் இருக்கும்போது எட்டுப் பேருக்கான பிராக்கெட்டில் அவர்களை எழுதி, வெற்று இடங்களோடு ‘வென்றதாக’ முன்னேற்றும் அபத்தமும் நடக்கிறது. மூன்று பேர் என்றால் ஒருவரோடு ஒருவர் மோதட்டும். அடுத்தடுத்த இரண்டு பிரிவில் ஆள் குறைவென்றால், விதி இடம் கொடுக்கிற அளவுக்குச் சேர்த்துவிடலாம். வெள்ளிக்கிழமை மாலை பெண்கள், சனிக்கிழமை பையன்கள் என்று பிரிப்பது இன்னும் நல்லது. முக்கியமாக, எடை பார்க்க அவர்களுக்குத் தனி அறையும் பெண் அலுவலரும் வேண்டும். உடையில் 2017-18 முதல் இறுக்கமான சட்டையும் கால்சட்டையும் தனித்தனியாக அணிய அனுமதி வந்தது. அதுவரை கை, தோள் தெரியும் ஒற்றை உடையைப் பார்த்தே பல பிள்ளைகள் பயிற்சிக்கு வரத் தயங்கினார்கள்.

நடுவர்கள் இல்லாமல் இதில் எதுவும் நடக்காது. என்எஃப்எச்எஸ் சொல்வதன்படி, எல்லா விளையாட்டுகளையும் சேர்த்து, 2018-19-க்குப் பிந்தைய மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய 50,000 பள்ளி நடுவர்கள் விலகிவிட்டார்கள். கேலரியிலிருந்து விழும் வசை அதற்கு ஒரு முக்கியக் காரணம். மல்யுத்த நடுவரின் வேலை முதுகை ஒடிப்பது. தோள் மெத்தையில் படுகிறதா என்று பார்க்க வயிற்றைத் தரையில் வைத்துப் படுக்க வேண்டும், அடுத்த நொடி எழுந்து ஓட வேண்டும். ஒரு மெத்தைக்கு ஒருவர் என்று வைத்து 68 ஆட்டத்தையும் அவர் தலையில் கட்டினால், ஐம்பதாவது ஆட்டத்தில் அவர் சொல்லும் தீர்ப்பை யார் நம்புவது? ஆறு மெத்தைக்கு எட்டு அல்லது ஒன்பது பேர் இருந்தால் மாற்றி மாற்றி உட்காரலாம். கட்டணம் கூடத்தான் கூடும். விதி கையில் இருப்பதாலேயே எல்லாம் சரியாகிவிடாது என்பதற்கும் சான்று உண்டு. 2018 டிசம்பரில் நியூ ஜெர்சியில் ஒரு கறுப்பின மாணவனின் சடைமுடியை ஆட்டத்துக்கு முன் அங்கேயே வெட்டச் சொன்னார் நடுவர், இல்லையென்றால் தோல்வி என்றார். நாடே கொதித்தது. 2021-ல் முடியின் நீளம் பற்றிய கட்டுப்பாட்டையே என்எஃப்எச்எஸ் எடுத்துவிட்டது. அந்த மாற்றத்துக்கு ஒரு பிள்ளை அத்தனை பேர் முன்னால் தலையைக் கொடுக்க வேண்டியிருந்தது.

கடைசியாக, யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று. போட்டி நடத்துகிற பள்ளிக்கு அது வருமானம். வருகிற அணிகள் நுழைவுக் கட்டணம் தருகின்றன, பெற்றோர் டிக்கெட் வாங்குகிறார்கள், வெளியே ஹாட்டாக், நாச்சோஸ், காபி விற்கும் கடையைப் பெற்றோர் குழுவே நடத்துகிறது. புது மெத்தை வாங்குவது அந்தப் பணத்தில்தான். போட்டி மதியம் இரண்டு மணிக்கு முடிந்தால் இரண்டாம் வேளைச் சாப்பாடு விற்காது. பதினாறு அணிக்குப் பதில் இருபத்து நான்கு அணியை அழைத்தால் கட்டணம் பாதிக்குப் பாதி கூடும். ஆட்டமோ 406-லிருந்து 630-க்கு ஏறும். அதே ஆறு மெத்தையில் அது பத்தரை மணி நேரம், எந்தத் தாமதமும் இல்லாமலே. ஆகவே நாள் நீள்வதற்கு மேசையிலிருப்பவர்களின் திறமைக் குறைவை மட்டும் காரணமாக்க முடியாது. முதல் விசிலுக்குப் பல மாதம் முன்பே, பள்ளியின் விளையாட்டு இயக்குநர் அழைப்புக் கடிதங்களை அனுப்பும் நாளிலேயே அது முடிவாகிவிடுகிறது. பதினாறோடு நிறுத்தி, நுழைவுக் கட்டணத்தைக் கொஞ்சம் உயர்த்தி, அணிக்கு இத்தனை ஆட்டம் உறுதி என்று அந்தக் கடிதத்திலேயே எழுதினால், கூடுதல் கட்டணத்தைக் கொடுக்கப் பெரும்பாலான கோச்சுகள் தயங்க மாட்டார்கள்.